“இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்பவரோடு கடலுக்குப் போங்கள்

கடந்த டிசெம்பர் விடுமுறை தொடங்கிய வாரம், புத்தளத்தில் இருக்கும் எனது ராத்தா எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரத்தைப் பகிர்ந்திருந்தார். நீல நிறக் கடல், அதற்குள் வண்ண மீன்கள், சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம். யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஒருநாள் சுற்றுலா, படகுச் சவாரி, ஸ்நோர்க்லிங், ஹலால் மதிய உணவு, குடும்பங்களுக்கு விலைக்கழிவு என்று எழுதியிருந்தது. கீழே ராத்தாவின் குரல் பதிவு: “நீ அங்கதானே இருக்கிறாய். இதுல போகலாமா எண்டு விசாரிச்சுச் சொல்லு. பிள்ளைகள் ஒரே கரைச்சல்.”

மறுநாள் ஸுபஹுக்குப் பிறகு கணவரோடு பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுக்குப் போனேன். அங்கே எங்கள் வீட்டுக்கு நெடுங்காலமாக நண்டு தரும் மீனவர் ஒருவர் இருக்கிறார். விளம்பரத்தைக் காட்டிக் கேட்டேன். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது எங்கட கடல் இல்ல டீச்சர். இப்ப வாடைக் காத்து. மழைத் தண்ணியும் சேந்து சேறு கலங்கிக் கிடக்கு. முகத்த உள்ளுக்க வச்சா உங்கட கையே உங்களுக்குத் தெரியாது. காசு தந்தாலும் நான் பிள்ளையள இப்ப ஏத்த மாட்டன். பங்குனியில வரச் சொல்லுங்கோ.”

ராத்தாவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஆனால் கடல் சுற்றுலா ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி என்ற கேள்விக்கான முதல் பதில் அந்த மனிதரின் “மாட்டன்” என்ற சொல்லில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பல குடும்பங்கள் இப்போதே திட்டமிடத் தொடங்கியிருப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏன் இதைப் பேச வேண்டும்?

தீவுப் பகுதிக்கு வருவோர் தொகை கூடிக்கொண்டே போகிறது. மண்டைதீவிலேயே சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். இடம்பெயர்ந்து புத்தளத்திலும் கொழும்பிலும் வளர்ந்த நம் பிள்ளைகள், உம்மா வாப்பா பிறந்த ஊரைப் பார்க்க வருகிறார்கள். சோனகத் தெருவைப் பார்த்துவிட்டு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறார்கள். வரட்டும், பார்க்கட்டும்.

அதே மண்டைதீவுக் கடலில் 2017 ஆகஸ்ட் மாத இறுதியில் படகு கவிழ்ந்து இளைஞர்கள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். யாழ்ப்பாணமே அழுத நாள் அது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்று போயின. அந்தப் பெற்றோரின் முகங்களை நாம் மறக்கவில்லை.

இவை இரண்டும் ஸ்நோர்க்லிங் விபத்துகள் அல்ல. இறந்தவர்களைக் குறை சொல்லவும் நான் இவற்றை நினைவூட்டவில்லை. இரண்டும் ஆழ்கடலில் நடக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அமைதியாகத் தோன்றும் தண்ணீரில் நடந்தவை. “கரைதானே தெரிகிறது” என்ற எண்ணம் நம்மைக் காப்பாற்றாது.

இன்னொரு உண்மையும் உண்டு. நம் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நீச்சல் தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது. என் வகுப்பில் கடலுக்கு அருகில் வசிக்கும் பிள்ளைகளிடம் நீச்சல் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டால், ஆண் பிள்ளைகள் சிலர் உயர்த்துவார்கள். பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நீச்சல் தெரியாதவர் தன் உயிரை முழுமையாக வழிகாட்டியின் கையில் கொடுக்கிறார். அப்படியானால் அந்த வழிகாட்டி யார் என்று பார்ப்பது வெறும் விருப்பத் தெரிவாக இருக்க முடியாது.

ஸ்நோர்க்லிங் என்றால் என்ன?

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை (மாஸ்க் என்கிறோம்) அணிந்து, வாயில் ஒரு வளைந்த குழாயைக் கவ்விக்கொண்டு, குப்புற மிதந்தபடி நீருக்கடியில் இருப்பதைப் பார்ப்பதுதான் ஸ்நோர்க்லிங். குழாயின் மறுமுனை நீருக்கு மேலே இருக்கும், அதன் வழியாக மூச்சு எடுக்கலாம். சிலிண்டர் கட்டி ஆழத்துக்குப் போகும் முக்குளிப்பு வேறு, இது வேறு.

பார்க்க இலகுவாக இருப்பதால் பயிற்சி தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். முதல் தடவை செய்பவருக்கு மூன்று விஷயங்கள் திடீரென்று நடக்கும். குழாய்க்குள் ஓர் அலை புகுந்து வாய் நிறைய உப்புநீர் வரும். மாஸ்க் ஓரத்தால் தண்ணீர் கசிந்து மூக்குக்குள் போகும். தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு நினைத்ததைவிடத் தூரத்தில் இருக்கும். இந்த மூன்றில் எது நடந்தாலும் பழகியவர் குழாயை ஊதித் துப்பிவிட்டுத் தொடர்வார். பழகாதவர் பதறி, கைகால்களை உதறி, சில நிமிடங்களில் களைத்துப்போவார்.

ஆகவே நல்ல வழிகாட்டி உங்களை நேரே பார் பக்கம் கூட்டிச் செல்ல மாட்டார். முதலில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, மாஸ்க் போட்டு மூச்செடுக்கவும், குழாய்க்குள் வந்த நீரை ஊதி வெளியேற்றவும், மல்லாந்து மிதக்கவும் பழக்குவார். அதற்கு 15, 20 நிமிடங்கள் போதும். அந்த நேரத்தைத் தர விரும்பாத சுற்றுலாவை அங்கேயே விட்டுவிடலாம்.

முதலில் கடலையும் காலத்தையும் பாருங்கள்

இலங்கையில் எல்லாக் கரைகளும் ஒரே காலத்தில் அமைதியாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கு, தெற்குக் கரைகள் கொந்தளிக்கும், கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்கு ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஹிக்கடுவைக்கும் கற்பிட்டிக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. டிசெம்பரில் புறாத்தீவுக்கும், ஜூலையில் ஹிக்கடுவைக்கும் “தெளிந்த நீர்” என்று விளம்பரம் செய்பவரிடம் இன்னொரு கேள்வி கேட்கவே தேவையில்லை.

யாழ்ப்பாணத் தீவுகளின் கதை இன்னும் வித்தியாசமானது. மண்டைதீவையும் வேலணையையும் ஒட்டிய கடல் ஆழம் குறைந்த களப்பு. அடியில் சேறும் சாதாழையும். கரையோரம் கண்டல் மரங்கள். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வதற்கு அருமையான இடம், ஆனால் கண்ணாடி போட்டுப் பார்ப்பதற்கான இடமல்ல. நெடுந்தீவுப் பக்கம் போனால் கரையே முருகைக்கல். அங்கே வீட்டு மதில்களையும் முருகைக்கல் அடுக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடலில் சோளகக் காற்று எழும் மாதங்களில் குறிகட்டுவானிலிருந்து போகும் பெரிய படகே ஆட்டம் காணும். வாடைக் காலத்தில் மழையும் கலங்கலும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரைதான் ஓரளவு அமைதியான காலம்.

ஆகவே தீவுச் சுற்றுலா விளம்பரத்தில் வண்ண மீன் படம் இருந்தால், “இந்தப் படம் எந்தக் கடலில், எந்த மாதத்தில் எடுத்தது?” என்று கேளுங்கள். நேர்மையானவர் உண்மையைச் சொல்வார். மண்டைதீவில் படகில் இருந்தபடி கண்டல் காட்டையும் பறவைகளையும் பார்ப்பது நல்ல சுற்றுலா. அதை அதன் பெயரிலேயே விற்கலாம்.

போகும் நாளுக்கு முந்திய இரவு, வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிக்கையைப் பாருங்கள். தமிழிலும் வெளியாகிறது. நேரத்தைப் பொறுத்தவரை காலைதான் நல்லது. வெயில் ஏற ஏறக் கடற்காற்று பலக்கும். விடியலில் புறப்பட்டால் ளுஹருக்கு முன் கரைக்கு வந்துவிடலாம்.

கூட்டிச் செல்பவர் யார்?

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் குடும்பமாக நிலாவெளிக்குப் போயிருந்தோம். கரையில் ஒருவர் வந்து பேசினார். எங்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது என்றேன். “பிரச்சின இல்ல.” சின்னப் பிள்ளைக்கு அளவான லைஃப் ஜெக்கட் இருக்கிறதா? “பிரச்சின இல்ல, இறுக்கிக் கட்டலாம்.” மாமிக்கு நெஞ்சு வருத்தம் என்றேன். “அதுவும் பிரச்சின இல்ல.” எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். கடைசியில் சின்னவனுக்குப் பெரியவர் ஜெக்கட்டைப் போட்டுப் பார்த்தோம். தோள் பக்கம் பிடித்துத் தூக்கினால் பிள்ளை கீழே நிற்க, ஜெக்கட் காதுக்கு மேலே வந்துவிட்டது. நாங்கள் ஏறவில்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட முறையை மற்றவர்களுக்கும் சொல்லி வருகிறேன். “முடியாது” என்று பதில் வர வேண்டிய ஒரு கேள்வியை வேண்டுமென்றே கேளுங்கள். “எங்களில் பதினைந்து பேர், ஒரே படகில் ஏறலாமா?” “காற்று கொஞ்சம் கூடினாலும் போகலாம்தானே?” நல்லவர் மறுப்பார். எதற்கும் தலையாட்டுபவர், கடலில் ஆபத்து வந்த பிறகும் அப்படியே தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, படகோட்டியும் வழிகாட்டியும் ஒருவர்தானா என்பது. படகை ஓட்டுபவர் படகில் இருக்க வேண்டும். உங்களோடு நீருக்குள் இறங்கி, கூடவே மிதந்து, ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். “நீங்கள் போய்ப் பாருங்கள், நான் இங்கே நிற்கிறேன்” என்பது வெறும் படகு வாடகை. புதியவர்கள் என்றால் நான்கைந்து பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது நியாயமான கணக்கு. ஒரு வகுப்பில் நாற்பது பேரை எண்ணிக்கொண்டிருக்கும் எனக்கு, அசையும் தண்ணீரில் பத்துத் தலைகளை எண்ணுவது எவ்வளவு கடினம் என்று புரிகிறது.

சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதோடு உயிர்காப்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் பெற்றவரா என்றும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் மட்டும் ஒருவரை நீச்சல்காரர் ஆக்கிவிடாது. புறாத்தீவு 2003 முதல் கடல் தேசிய பூங்கா. அங்கே இறங்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும். “டிக்கெட் இல்லாமல் வேறு பக்கத்தால் இறக்கிவிடுகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தித் தருகிறார் என்று எண்ண வேண்டாம். ஒரு விதியை மீறத் துணிந்தவர் எல்லா விதியையும் மீறுவார்.

படகும் லைஃப் ஜெக்கட்டும்

படகில் பதிவு இலக்கம் எழுதியிருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி, நீருக்குள் இருந்து திரும்ப ஏற ஏணி இருக்கிறதா என்று பாருங்கள். ஏணியை நாம் யோசிப்பதே இல்லை. நனைந்த உடையோடு, களைத்த உடம்போடு, ஒரு பெண் ஃபைபர் படகின் விளிம்பைப் பிடித்து ஏறுவது இலகுவல்ல. அந்நிய ஆண் ஒருவர் கைபிடித்துத் தூக்க வேண்டி வருமே என்ற தயக்கத்தில் நீருக்குள்ளேயே நின்று தவிப்பவர்களும் இருக்கிறார்கள். ஏணி இருந்தால் அந்தச் சங்கடமே இல்லை.

லைஃப் ஜெக்கட்டைப் படகில் ஏறுவதற்கு முன் கரையிலேயே அணிய வேண்டும். இருக்கைக்குக் கீழே கிடக்கும் ஜெக்கட் யாரையும் காப்பாற்றாது. பிள்ளைக்குப் போட்ட பின் இரு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜெக்கட்டோடு பிள்ளையும் எழுந்தால் அளவு சரி. கொக்கிகளும் பட்டிகளும் எல்லாம் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். நீச்சல் தெரியாதவர் நீருக்குள் இருக்கும் முழு நேரமும் அதைக் கழற்றக் கூடாது. நல்ல வெளிச்சமான நிறமாக இருந்தால் தூரத்தில் இருந்தும் தெரியும்.

கைப்பேசியில் மூன்று எண்கள் இருக்கட்டும். பொலிஸ் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990. அந்தக் கடைசி எண் வடக்கு முஸ்லிம்களுக்கு வேறொரு நினைவைத் தரும். அதனால் மறக்கவும் மாட்டோம்.

நமக்கே உரிய சில விஷயங்கள்

மாஸ்க் சரியானதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தோடு ஒட்டி நின்றால் சரி. கழன்று விழுந்தால் தண்ணீர் கசியும்.

ஹிஜாப் அணியும் சகோதரிகள் கவனிக்க வேண்டியது: மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு முழுவதும் தோலில்தான் பதிய வேண்டும். நெற்றியிலோ கன்னத்திலோ துணியின் ஓரம் இடையில் சிக்கினால் அந்த வழியால் தண்ணீர் நிற்காமல் வரும். தலையை மூடும் துணியை விளிம்புக்கு வெளியே ஒதுக்கி, பட்டியை அதற்கு மேலால் மாட்டுங்கள். ஆண்களுக்கு மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்குக்குக் கீழே கசியும். அந்த இடத்தில் கொஞ்சம் வஸ்லின் பூசிக்கொள்ளலாம். முகம் முழுவதையும் மூடும் புதுவகை மாஸ்க் தாடி வைத்தவருக்குச் சரியாகப் பொருந்தாது. அவசரத்தில் சட்டென்று கழற்றுவதும் கடினம். முதல் தடவை போகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சிறுவர்களுக்குச் சிறுவர் குழாயே வேண்டும். பெரியவரின் நீண்ட, அகன்ற குழாயில் பிள்ளை தான் வெளிவிட்ட காற்றையே திரும்ப இழுத்துக் களைத்துப்போகும்.

உடையில், அபாயாவோடு கடலில் இறங்கவே கூடாது. நீரை உறிஞ்சிக் கனத்து, கால்களைச் சுற்றிக்கொள்ளும். முழு உடலையும் மறைக்கும் நீச்சல் உடை இப்போது கொழும்பிலும் காத்தான்குடியிலும் இணையத்திலும் கிடைக்கிறது. கரையில் ஏறியதும் போர்த்திக்கொள்ள மேலங்கி ஒன்று கையில் இருக்கட்டும்.

பர்தாவுக்காக ஒதுக்குப்புறமான இடம் தேடுவது நம் குடும்பங்களில் வழக்கம். எண்ணம் நல்லது. ஆனால் ஆட்கள் இல்லாத கரை என்பது உதவிக்கும் ஆட்கள் இல்லாத கரை. எங்கள் பெண்கள் குளிக்கிறார்கள் என்று வழிகாட்டியையும் தூரத்தில் நிறுத்திவிட்டால், பார்க்கவும் காப்பாற்றவும் எவரும் இல்லாத நிலைதான் மிஞ்சும். இதற்குத் தீர்வு தனிமையான கடல் அல்ல. குடும்பத்துக்கென்று தனிப் படகு, அதிகாலை நேரம், முடிந்தால் பெண் வழிகாட்டி என்று முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்வதுதான். பெண் வழிகாட்டிகள் நம் நாட்டில் அரிது என்பது உண்மை. கேட்பவர்கள் கூடினால்தான் அந்தத் தொழிலுக்கு வருபவர்களும் கூடுவார்கள்.

யார் இறங்கக் கூடாது?

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஹவாய்த் தீவுகளில் ஸ்நோர்க்லிங் மரணங்களை ஆராய்ந்தவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். குழாய் வழியாகக் கஷ்டப்பட்டு மூச்சிழுக்கும்போது சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து, உடல் திடீரென்று பலமிழந்துபோகலாம். அலை இல்லாத கடலிலும், நீச்சல் தெரிந்தவருக்கும் இது நேரலாம். மூச்சு முட்டுகிறது, கைகால் சோர்கிறது என்று உணர்ந்த உடனே குழாயைத் துப்பிவிட்டு, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்த வேண்டும். “இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு” என்று நிற்கக் கூடாது.

சினிமாவில் காட்டுவதுபோல் மூழ்குபவர் கத்திக் கூப்பிடுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதவருக்குச் சத்தம் எங்கிருந்து வரும்? ஸ்நோர்க்லிங் செய்பவர் குப்புறத்தான் மிதப்பார், மயங்கியவரும் குப்புறத்தான் மிதப்பார். தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனவே இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவரையொருவர் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையில் இருக்கும் வாப்பா படம் பிடிப்பதில் மூழ்கிவிடக் கூடாது.

கடலுக்கும் உரிமை உண்டு

முருகைக்கல் கல்லைப்போலத் தெரிந்தாலும் அது உயிர்களின் குடியிருப்பு. பல வகைகள் வருடத்துக்கு ஒரு சில சென்ரிமீற்றர்தான் வளரும். ஒருவர் களைப்பாற அதன் மேல் ஏறி நின்றால் பல வருட வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்கும். காலையும் அது வெட்டும். 1998இல் கடல் நீர் சூடாகி ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி இறந்தன. மிச்சத்தை நாம் மிதிக்கக் கூடாது. “காலை ஊன்றாதீர்கள், எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள்” என்று இறங்கும் முன்னரே சொல்லும் வழிகாட்டியை நம்பலாம். ஆமையைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுபவரை நம்ப வேண்டாம்.

வெயிலுக்குப் பூசும் சில கிரீம்களின் இரசாயனங்கள் முருகைக்கல்லுக்குத் தீங்கு என்று, ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. உடலை மூடி இறங்கும் நமக்கு அந்தக் கிரீம் மிகக் கொஞ்சமே தேவைப்படும். நமது உடை கடலுக்கும் நன்மைதான்.

தீவுப் பகுதியில் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தக் கடல் பலரின் வயல். சிறகு வலைத் தடிகளும், நண்டு வலைகளும், கடலட்டைப் பண்ணைகளும் இருக்கும் இடங்கள் இவை. வலைக்குள் கால் சிக்கினால் நமக்கு ஆபத்து, வலை அறுந்தால் அவர்களுக்கு நட்டம். அந்த ஊர் மீனவர் ஒருவரையே வழிகாட்டியாகக் கொண்ட சுற்றுலா இரு பக்கத்துக்கும் நல்லது. மணல் தரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். அதன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

விலையைப் பற்றிப் பேசும்போது நாம் “எவ்வளவு குறைப்பீர்கள்?” என்றுதான் கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, “காற்று எழுந்தால் முற்பணத்தைத் திருப்பித் தருவீர்களா?” என்பது. முழுப் பணத்தையும் வாங்கிவிட்டு, திருப்பித் தர முடியாது என்பவருக்கு, கடல் எப்படி இருந்தாலும் உங்களை ஏற்றியே ஆக வேண்டிய நெருக்கடி இருக்கிறது. காசு போய்விடுமே என்று உங்களுக்கும் ஏறியே ஆக வேண்டிய நெருக்கடி. இரண்டு நெருக்கடிகளும் சேர்ந்துதான் பிள்ளைகளை மோசமான கடலில் இறக்குகின்றன. நாளை மாற்றித் தருகிறேன், அல்லது பணத்தைத் தருகிறேன் என்று எழுத்தில் சொல்பவருக்குச் சில நூறு ரூபா கூடக் கொடுத்தாலும் அது வீணல்ல.

இதில் நம் பங்கும் இருக்கிறது. படகோட்டி வேண்டாம் என்று சொன்னால், “புத்தளத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், கொஞ்சம் பாருங்கள்” என்று கெஞ்சுவதும் நாம்தான். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அன்றைய வருமானம் வேண்டும். நாம் கெஞ்சினால் அவர் இளகிவிடலாம். மறுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். அவர் நாளை வீணாக்கியதற்கு ஏதாவது கையில் கொடுத்தாலும் நல்லது.

நீரில் மூழ்கி மரணித்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஜனாஸா வீடுகளில் ஆறுதல் சொல்கிறோம். அது பிரிந்தவர்களுக்கான நற்செய்தி. இருப்பவர்களின் கவனக்குறைவுக்கு அதை அனுமதியாக எடுக்க முடியாது. உயிரைப் பாதுகாப்பதை ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்றாக அறிஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். லைஃப் ஜெக்கட்டின் பட்டியைப் பூட்டுவதும் அந்த ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

ராத்தாவின் குடும்பம் பெருநாளுக்குப் பின் வருகிறது, இன்ஷா அல்லாஹ். இம்முறை திட்டம் மாறியிருக்கிறது. முதல் நாள் மண்டைதீவு மீனவரின் படகில் கண்டல் காடு பார்ப்பது. அவர் சரி என்று சொன்னால் மட்டும். மீன்கள் பார்க்கும் ஆசைக்கு ஆகஸ்டில் நிலாவெளி. அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் பிள்ளைகள் இருவரையும், குறிப்பாக மூத்தவளையும், நீச்சல் வகுப்பில் சேர்ப்பதாக ராத்தா வாக்களித்திருக்கிறார். விளம்பரம் பார்த்ததில் கிடைத்த மிகப் பெரிய நன்மை எனக்கு அதுதான்.

அல்லாஹ் நம் அனைவரின் பிள்ளைகளையும் கரையிலும் கடலிலும் பாதுகாப்பானாக.